சிரட்டைக் கரியால் சாண எரிவாயுவைச் சுத்தம் செய்வது எப்படி?
கரி எத்தனை நாள் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்கிடும் முறை

குலசேகரன்பட்டினம், உடன்குடி வட்டாரத்தில் தேரி மணலும், பனையும், தென்னையும் விவசாயிகளின் சொத்து. பனையிலிருந்து கருப்பட்டி கிடைக்கிறது. தென்னையிலிருந்து தேங்காய் போக மட்டையும், கதம்பையும், சிரட்டையும் மிஞ்சுகின்றன. இவற்றுள் சிரட்டையை அடுப்புக்குப் போடுவதே பெரும்பாலும் வழக்கம். ஆனால் இந்தச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியை மேலும் பக்குவப்படுத்தினால் வாயுக்களைப் பிடித்து வைக்கும் அரிய பொருள் ஒன்று கிடைக்கிறது. இதைக் கிளர்வூட்டிய கரி என்பார்கள். வியாபாரத்தில் 'ஆக்டிவேடட் கார்பன்' என்றே பெயர்.

மாடு வளர்த்துச் சாண எரிவாயுக் கலம் அமைத்திருக்கும் விவசாயி ஒருவர், அந்த வாயுவைக் கொண்டு இறைவை இஞ்சினை ஓட்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாயுவில் அழுகிய முட்டை நாற்றம் உள்ளது. அதை நீக்கக் கரி நிரப்பிய டிரம் ஒன்றைக் குழாயில் இணைக்கிறார். கரி விற்றவர் "ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும்" என்றார். மூன்றாவது வாரத்திலேயே நாற்றம் திரும்பி விட்டது. விற்றவர் ஏமாற்றி விட்டாரா? அவசியமில்லை. தனி வாயுவுக்குச் சொன்ன கணக்கை வாயுக் கலவைக்கு அப்படியே வைத்ததுதான் பிழை. அந்தக் கணக்கை எவ்வாறு சரியாகப் போடுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சாண வாயுவில் என்ன இருக்கிறது?

சாண எரிவாயு ஒரே வாயு அல்ல. பல வாயுக்களின் கலவை. அதில் எரியக்கூடிய மீத்தேன் 100க்கு 55 முதல் 65 பங்கு வரையிலும், எரியாத கரியமில வாயு 30 முதல் 40 பங்கு வரையிலும் இருக்கும். இவை தவிர நீராவியும், சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. முட்டை அழுகிய நாற்றம் இந்தக் கடைசி வாயுவினுடையதே.

ஹைட்ரஜன் சல்பைடின் அளவு சாதாரணமாக ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அல்லது அதற்கும் குறைவு. அளவு சிறிதானாலும் செய்யும் கேடு பெரிது. இஞ்சினுள் இது எரிந்து அமிலமாக மாறி, எண்ணெயைக் கெடுக்கிறது. செம்பு, பித்தளை கலந்த புஷ்களையும் பேரிங்குகளையும் அரிக்கிறது. காற்றோட்டமுள்ள அடுப்படியில் சமையலுக்கு மட்டும் வாயுவைப் பயன்படுத்துவோர் பொதுவாகக் கரி டிரம்முக்குச் செலவு செய்யத் தேவையில்லை. இஞ்சின் ஓட்டுவோருக்கே இது அவசியமாகிறது.

ஒரு கிராமுக்குள் 25 சென்ட்

கரி வாயுவைக் குடிப்பதில்லை. தன் பரப்பின் மேல் ஒட்ட வைத்துக் கொள்கிறது. இதற்குப் 'பரப்புக் கவர்ச்சி' என்று பெயர். கடற்பஞ்சு தண்ணீரை உள்ளே இழுப்பது போன்றதல்ல இது. சுவரில் தூசி ஒட்டுவது போன்றது. ஆகவே பரப்பு எவ்வளவு அதிகமோ, பிடிப்பும் அவ்வளவு அதிகம்.

சாதாரணச் சிரட்டைக் கரியில் நுண்துளைகள் பெரும்பாலும் தார் அடைத்துக் கிடக்கும். அந்தக் கரியை 800 முதல் 1000 டிகிரி சென்டிகிரேட் வரையிலான சூட்டில் நீராவியில் வாட்டும்போது, துளைகள் திறந்து புதிய துளைகளும் உண்டாகின்றன. நல்ல சிரட்டைக் கரியில் ஒரு கிராமுக்குள் இருக்கும் பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட். நான்கு கிராம் கரியை உள்ளங்கையில் வைத்திருந்தால் ஒரு ஏக்கர் பரப்பைக் கையில் வைத்திருப்பதாகப் பொருள்!

சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை. வாயுக்களைப் பிடிக்க இத்தகைய துளைகளே ஏற்றவை. விளாத்திகுளம் பக்கம் சீமைக் கருவேல விறகை மூட்டம் போட்டு எடுக்கும் கரி போன்ற மரக்கரிகளில் துளைகள் பொதுவாகப் பெரியவை. நிறம் நீக்கும் வேலைக்குப் பெரிய துளைக் கரி உதவும். வாயு பிடிக்கும் வேலைக்குச் சிரட்டைக் கரி உதவும்.

குலசேகரன்பட்டினத்துக்குச் சீனித் தொழிலும் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரி கம்பெனியார் இங்கு பனை வெல்லத்திலிருந்து சீனி எடுக்கும் ஆலை நடத்தியதும், திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே சிறு ரயில் ஓட்டியதும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். சீனிப் பாகின் நிறத்தை எலும்புக் கரி கொண்டு நீக்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உலகெங்கும் சீனித் தொழிலில் பழகிய முறை. முதல் உலகப் போரில் விஷ வாயு வீசப்பட்டபோது முகமூடிகளில் நிரப்பச் சிறந்தது சிரட்டைக் கரியே என்று கண்டார்கள். 1918ல் அமெரிக்க அரசு சிரட்டையையும் பீச் பழக் கொட்டைகளையும் மக்களிடம் கேட்டு வாங்கிச் சேகரித்தது.

நூறு தலை புகும் தொட்டி

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். ஒரு தொழுவத்தில் நூறு தலை புகும் தீவனத் தொட்டி இருக்கிறது. கன்றுகளை மட்டும் அவிழ்த்து விட்டால் அவை ஓரளவு இடத்தைப் பிடிக்கும். வரும், இரண்டு வாய் தின்னும், துள்ளி ஓடும். காளைகளை மட்டும் விட்டால் அவை வந்த இடத்தை விட்டு எளிதில் நகர மாட்டா. இரண்டையும் சேர்த்து விட்டால் என்ன ஆகும்? காளைகள் பெரும்பாலான இடத்தைப் பிடித்துக்கொள்ள, கன்றுகள் ஒதுங்கி விடும். தனித்தனியே விட்டபோது எண்ணிய தலைகளைக் கூட்டி, "இத்தனை மாடு தின்னும்" என்று சொன்னால் அது தப்புக் கணக்கு.

கரியின் துளைகளிலும் இதுதான் நடக்கிறது. வாயு அணுத்திரள்கள் வந்து ஒட்டுவதும் விட்டுப் போவதும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். எளிதில் திரவமாகக் கூடிய வாயு கரியில் இறுக ஒட்டும் என்பது பொது விதி. மீத்தேன் திரவமாக வேண்டுமானால் மைனஸ் 161 டிகிரி வரை குளிர வேண்டும்; எனவே அது கன்று. ஹைட்ரஜன் சல்பைடுக்கு மைனஸ் 60 டிகிரி போதும், அது காளை. கரியமில வாயு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆனால் அதன் எண்ணிக்கை மிக அதிகம். நமக்குத் தொல்லை கொடுப்பது அந்த எண்ணிக்கைதான்.

கணக்குப் போடும் முறை

அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் 1918ல் பரப்புக் கவர்ச்சிக்கு ஓர் எளிய கணக்கைத் தந்தார். 1932ல் இவருக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இவருடைய கணக்கை வாயுக் கலவைக்கு நீட்டிக் காட்டியவர்கள் மார்க்கம், பென்டன் என்ற இருவர், ஆண்டு 1931.

கணக்கு இதுதான். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒட்டும் வலு என்று ஓர் எண் உண்டு. அதைக் கலவையில் அந்த வாயுவின் பங்கால் பெருக்க வேண்டும். இதைப் 'பெருக்கல் எண்' என்று அழைப்போம். எல்லா வாயுக்களின் பெருக்கல் எண்களையும் கூட்டி, அதனுடன் 1ஐச் சேர்க்க வேண்டும். ஒரு வாயுவின் பெருக்கல் எண்ணை இந்த மொத்தத்தால் வகுத்தால், கரியில் உள்ள இடங்களில் அந்த வாயு எத்தனை பங்கைப் பிடிக்கும் என்பது கிடைக்கும். கூட்டிய அந்த 1, காலியாக இருக்கும் இடத்தைக் குறிக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். இதிலுள்ள ஒட்டும் வலு எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. கரிக்குக் கரி, சூட்டுக்குச் சூடு இவை மாறும்.

மீத்தேன்: பங்கு 0.6, வலு 0.5. பெருக்கினால் 0.3.
கரியமில வாயு: பங்கு 0.4, வலு 2. பெருக்கினால் 0.8.
ஹைட்ரஜன் சல்பைடு: பங்கு 0.002, வலு 20. பெருக்கினால் 0.04.

முதலில் தனித்தனியே பார்ப்போம். மீத்தேன் மட்டும் இருந்தால் 0.3ஐ 1.3ஆல் வகுக்க, நூறு இடத்தில் 23 பிடிக்கும். கரியமில வாயு மட்டும் இருந்தால் 0.8ஐ 1.8ஆல் வகுக்க, 44 பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு மட்டும் இருந்தால் 0.04ஐ 1.04ஆல் வகுக்க, ஏறத்தாழ 4 பிடிக்கும்.

இப்போது மூன்றும் கலந்து வருகின்றன. மொத்தம் 1 + 0.3 + 0.8 + 0.04, அதாவது 2.14. மீத்தேன் 14 இடம், கரியமில வாயு 37 இடம், ஹைட்ரஜன் சல்பைடு 2 இடத்துக்குச் சற்றுக் குறைவு என்று ஆகிவிடுகிறது. நாம் பிடிக்க விரும்பிய வாயுவுக்குக் கிடைத்த இடம் பாதிக்கும் கீழே போய்விட்டது. காளை வலுவானதுதான். ஆனால் அது ஒன்று வருவதற்குள் மற்றவை கூட்டமாக வந்து தொட்டியை அடைத்துக் கொள்கின்றன.

எத்தனை நாள் தாங்கும்?

நாளொன்றுக்கு இரண்டு கன மீட்டர் வாயு தரும் குடும்பக் கலத்தை எடுத்துக்கொள்வோம். இதற்கு நாள்தோறும் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். வாயுவில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால், ஒரு நாளில் வருவது 4 லிட்டர். எடையில் ஏறத்தாழ ஐந்தரை கிராம்.

கரி விற்பவர் தனி வாயுவில் சோதித்து, "100 கிராம் கரி 2 கிராம் பிடிக்கும்" என்கிறார் என்று கொள்வோம். 10 கிலோ கரி 200 கிராம் பிடிக்கும். ஐந்தரையால் வகுத்தால் 36 நாள். ஆனால் கலவையில் பாதிதான் பிடிக்கும் என்று மேலே கண்டோம். ஆகவே 18 நாளுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அந்த 18 நாளும் முழுமையாகக் கிடைப்பதில்லை. வாயு உள்ளே நுழையும் பக்கத்துக் கரி முழுவதும் நிரம்பியிருக்க, வெளியேறும் பக்கத்துக் கரி பாதி நிரம்பும்போதே நாற்றம் கசியத் தொடங்கும். எனவே மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 12 நாளில் கரியை மாற்றத் திட்டமிடுதல் நலம். 36 எங்கே, 12 எங்கே!

இந்தக் கணக்கின் குறைகள்

லாங்மியூர் கணக்கு, கரியின் எல்லா இடங்களும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் குறுகிய துளை இறுகப் பிடிக்கும். அகன்ற துளை இளகப் பிடிக்கும். இந்தக் குறையை ஓரளவு தவிர்க்க 1965ல் மையர்ஸ், பிராஸ்னிட்ஸ் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் வேறொரு முறை கண்டார்கள். கரியில் ஒட்டியிருக்கும் வாயுக்களை, ஒன்றோடொன்று நன்கு கலந்த திரவம் போலக் கருதிக் கணக்கிடுவது இம்முறை. ஒவ்வொரு வாயுவையும் தனியாகச் சோதித்து, எந்த அழுத்தத்தில் எவ்வளவு பிடிக்கிறது என்ற அட்டவணை இருந்தால் போதும். கலவையின் நடத்தையை அதிலிருந்தே முன்கூட்டிச் சொல்லி விடலாம். ரசாயனத் தொழிற்சாலைகளில் இன்றும் இதையே அடிப்படையாகக் கொள்கிறார்கள். கம்ப்யூட்டரில் கரித் துளையையே வரைந்து அதற்குள் வாயு அணுத்திரள்களை ஓட விட்டுப் பார்க்கும் முறைகளும் பிற்பாடு வந்துள்ளன.

இவை எல்லாவற்றுக்கும் அடங்காத முரடன் ஒருவன் உண்டு. அவன்தான் ஈரம். காற்றில் ஈரம் குறைவாக உள்ளவரை கரி தண்ணீரை அதிகம் தொடுவதில்லை. ஈரப்பதம் பாதியைத் தாண்டியதும் நுண்துளைகளைத் தண்ணீர் மளமளவென்று நிரப்பிவிடும். சாணக் கலத்திலிருந்து வரும் வாயு ஈரம் நிறைந்தது. ஆகவே ஈரத்தை முன்னதாகவே பிரிக்காமல் போடும் எந்தக் கணக்கும் பயன்படாது. வாழைத்தார் ஏற்றும் பெட்டிகளில் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவை நீக்க வெறும் கரி அவ்வளவாக உதவாததற்கும் ஈரம் ஒரு காரணம். அங்கு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு ஊறிய பொருள்களையே பெரிதும் பயன்படுத்துகிறார்கள்.

காரம் ஊட்டிய கரி என்று ஒரு வகையும் கடையில் கிடைக்கிறது. இது வாயுவை ஒட்ட வைப்பதோடு நில்லாமல் ரசாயன மாற்றமும் செய்கிறது. இதற்குச் சிறிது ஈரம் தேவை. இதன் கணக்கு வேறு. வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமைக்கும் முறை

1. கலத்திலிருந்து வரும் குழாயைச் சரிவாக அமைத்து, தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடியும் பொறி வைக்க வேண்டும். அதில் தேங்கும் நீரை அவ்வப்போது வடிக்க வேண்டும்.

2. அடுத்ததாக, லேத்துப் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சுருளை நன்கு துருப்பிடிக்க வைத்து ஒரு டிரம்மில் நிரப்பலாம். துருவானது ஹைட்ரஜன் சல்பைடின் பெரும்பகுதியை மலிவாகப் பிடித்துவிடும். எஞ்சியதை மட்டும் கரிக்கு விடலாம்.

3. கரி டிரம் ஒன்றுக்குப் பதில் இரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது சிறந்தது. முதல் டிரம் நிரம்பியதும் அதன் கரியை மாற்ற வேண்டும். இரண்டாவதை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து, புதுக்கரி டிரம்மைப் பின்னால் வைக்க வேண்டும். இதனால் கரி வீணாவதில்லை; கசிவு இஞ்சினை எட்டுவதும் இல்லை.

4. டிரம் அகலம் குறைந்து உயரம் மிகுந்திருக்க வேண்டும். கரி, மிளகு பருமனுக்குக் குறையாமல் குருணையாக இருக்க வேண்டும். சாணக் கலத்தில் அழுத்தம் சில அங்குல நீர் அளவே. தூள் கரி போட்டால் வாயு நகராது.

5. டிரம்மை நிழலில் வைக்க வேண்டும். சூடு ஏற ஏறக் கரியின் பிடிப்பு தளரும். தேரிக்காட்டு வெயிலில் வைத்த டிரம், பிடித்ததைத் திருப்பி விடவும் கூடும்.

6. வாங்கும்போது அயோடின் எண் என்ன என்று கேட்கவும். ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்பதே இந்த எண். 1000 அளவில் இருந்தால் நல்ல கரி. மூட்டத்தில் சுட்ட சாதாரணச் சிரட்டைக் கரி இந்த வேலைக்குப் போதாது.

நாற்றத்தை நம்பாதீர்கள்

இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் படித்துக் காட்டவும்.

கரி நிரம்பியதா என்று மூக்கை வைத்துப் பார்க்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது நாறும். பத்து லட்சத்தில் சுமார் நூறு பங்கை எட்டினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். "நாற்றம் போய்விட்டது" என்று நினைக்கும் நேரமே ஆபத்தான நேரமாக இருக்கலாம். இதற்கும் அதிகமானால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். சாணக்குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் மாண்டுபோகும் துயரம் இப்படித்தான் நேர்கிறது.

சோதிக்க ஈய அசிடேட் தாள் உண்டு. இரண்டு கரி டிரம்களுக்கும் நடுவே சிறு குழாய்த் திருகு வைத்து, திறந்த வெளியில் அங்கு வரும் வாயுவைத் தாளில் படும்படி காட்ட வேண்டும். தாள் கறுத்தால் முதல் டிரம் முடிந்தது என்று பொருள். அந்தத் தாளில் உள்ள ஈயம் விஷமாகையால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

கிணற்றில் இறங்கும் முன் விளக்கு இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சாண எரிவாயுக் கலத்தருகே அதைச் செய்யவே கூடாது. காற்றில் மீத்தேன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு இருந்தால் வெடிக்கும். மேலும், விளக்கு எரிவதால் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று ஆகிவிடாது.

நிரம்பிய கரிக்குள் பிடிபட்ட வாயு அங்கேயே சாசுவதமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். கன்றைக் காளை தள்ளுவது போல, ஈரமோ வேறு வலுவான வாயுவோ வந்தால் முன்னர் பிடித்ததைக் கரி வெளியே விடும். அப்போது உள்ளே போவதைக் காட்டிலும் வெளியே வருவதில் விஷம் அதிகமாக இருக்கக்கூடும். ஆகவே காலம் கடந்த கரியை வைத்திருப்பது, கரியே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

எடுத்த கரியும் இரும்புத் துருவும் காற்றுப் பட்டதும் தானே சூடேறித் தீப்பற்றலாம். வாயுவை அடைத்து, டிரம்மைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், காற்று வரும் திசையில் நின்று, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே கொட்ட வேண்டும். அந்தக் கரியை அடுப்பில் எரிக்கக் கூடாது. கந்தகப் புகை வரும். புதுக் கரியிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. நனைந்த கரி மூடிய தொட்டிக்குள் இருக்கும் காற்றின் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். கரி வைத்த பெரிய தொட்டிக்குள் ஆள் இறங்கவே கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

தனி வாயுவுக்குச் சொன்ன அளவைக் கலவைக்கு நம்ப வேண்டாம். பாதி என்று வைத்துக்கொண்டு, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு நாளில் மாற்றவும். முதலில் ஈரத்தை வடிக்கவும், பிறகு துரு, அதற்குப் பிறகே கரி. கரி மாற்றிய தேதியைச் சுண்ணாம்பினால் டிரம்மின் மேலேயே எழுதி வைக்கவும். மூக்கை நம்பாமல் தாளை நம்பவும். இவற்றைக் கடைப்பிடித்தால் இஞ்சினுக்கும் ஆயுள், ஆளுக்கும் ஆயுள்.